சோறா, களியா, பாக்கெட் தீனியா?
வீட்டு நாய்க்கு ஒரு சமையல் கணக்கு

அத்திபெலே:

ஓசூரைத் தாண்டி, சூசூவாடியைக் கடந்து, கர்நாடகத்துக்குள் கால் வைத்ததும் முதலில் வரும் ஊர் அத்திபெலே. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே டீக்கடையில் கேட்கும் ஊர் இது. தொழிற்பேட்டை வேலைக்காக தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம், திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் இங்கே லைன் வீடுகளில் குடியிருக்கிறார்கள். ஒரு அறை, ஒரு சமையல் மேடை, வாசலில் ஒரு குடம். பல வாசல்களில் அந்தக் குடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயும் உண்டு.

இரவு ஷிப்டுக்கு ஆண்கள் போய்விட்டால், வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த நாய்தான் துணை. அதற்கு என்ன சாப்பாடு? பெரும்பாலும் வீட்டில் மிஞ்சியதுதான். ராத்திரிச் சோறு, குழம்பு ஊற்றிய இட்லி, தயிர் சாதம், ஞாயிற்றுக்கிழமையானால் கோழி எலும்பு.

இப்போது கடைகளில் பாக்கெட் தீனி கலர் கலராகத் தொங்குகிறது. "நாய்க்குச் சோறு போடாதீர்கள், இதைப் போடுங்கள்" என்கிறார் கடைக்காரர். சம்பளத்தில் வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் போக மீதியில்தான் நாய் தீனியும் வாங்க வேண்டும்.

வீட்டில் சமைத்துப் போட்டால் நாய்க்கு நல்லதா, கெட்டதா? "நல்லது, ஆனால் கணக்கோடு சமைக்க வேண்டும்" என்பதே இதற்குப் பதில். அந்தக் கணக்கு தெரியாமல் போடும் சோறு குட்டியின் காலை வளைத்துவிடும். பூனையின் கண்ணைக் குருடாக்கிவிடும். வீட்டுக் குழந்தையின் ஈரலில் கட்டி வருவதற்குக்கூடக் காரணம் ஆகலாம்.

இதோ விவரம்:

இடிதாங்கி வியாபாரி கண்ட வழி

நாய்க்கென்று தனியாகத் தீனி செய்து விற்கும் தொழில் மிகப் பழையது அல்ல. 1860-ம் ஆண்டு வாக்கில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர் லண்டனுக்கு வந்தார். இடிதாங்கி விற்பது அவர் தொழில். துறைமுகத்தில் கப்பல்காரர்கள் வீசி எறிந்த கெட்டி பிஸ்கெட்டுகளைத் தெரு நாய்கள் போட்டி போட்டுத் தின்பதை அவர் பார்த்தார். கோதுமை, காய்கறி, இறைச்சி ஆகியவற்றைச் சேர்த்து நாய் பிஸ்கெட் செய்து விற்கத் தொடங்கினார். வாங்கியவர்கள் வேட்டை நாய் வைத்திருந்த பிரபுக்கள்.

1922-ல் அமெரிக்காவில் குதிரைக் கறியை டின்னில் அடைத்து நாய்த் தீனியாக விற்றார்கள். பின்னர் உலர்ந்த உருண்டைத் தீனி வந்தது. அதற்கு முன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நாய் தின்றது மனிதன் போட்ட மிச்சத்தைத்தான்.

பாக்கெட்டில் வருவதெல்லாம் பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. 2007-ம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவிலும் கனடாவிலும் பல கம்பெனிகளின் நாய், பூனைத் தீனிகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அவற்றைத் தின்ற பிராணிகளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனதே காரணம்.

சீனாவிலிருந்து வாங்கிய கோதுமைப் புரதத்தில் மெலமின் என்ற ரசாயனம் கலந்திருந்தது. புரதச் சத்தை அளக்கும் சோதனையில் உண்மையில் அளக்கப்படுவது நைட்ரஜன். மெலமினில் நைட்ரஜன் அதிகம். ஆகவே புரதம் இல்லாத மாவும் புரதம் நிறைந்ததாகக் கணக்குக் காட்டியது. பாலில் தண்ணீர் கலப்பவர் கையாளும் தந்திரத்தைப் போன்றதுதான் இது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மேல்நாடுகளில் பலர் நாய்க்கு வீட்டிலேயே சமைக்கத் தொடங்கினார்கள்.

ஓநாய்க்கு இல்லாத வசதி

"நாய் மாமிசப் பிராணி. அதற்குச் சோறு செரிக்காது" என்று சொல்பவர்கள் உண்டு. இது சரியல்ல.

2013-ம் ஆண்டு சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் ஓநாயின் மரபணுவையும் வீட்டு நாயின் மரபணுவையும் ஒப்பிட்டு ஆராய்ச்சி முடிவு வெளியிட்டார்கள். மாவுச் சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் என்ற பொருளைச் சுரக்கச் செய்யும் மரபணு, ஓநாய்க்கு இரண்டு பிரதிகள்தான் இருக்கிறது. நாய்க்கு 4 முதல் 30 பிரதிகள் வரை இருக்கின்றன. மனிதன் பயிர் செய்யத் தொடங்கிய பிறகு, அவன் வீட்டு வாசலில் கிடந்து, அவன் போட்டதைத் தின்று வாழ்ந்த நாயின் உடம்பே அதற்கு ஏற்றபடி மாறியிருக்கிறது. நன்றாக வேகவைத்த சோறும் களியும் நாய்க்குச் செரிக்கும்.

இதை நம் ஊர்க்காரர்கள் ஆராய்ச்சி இல்லாமலே அறிந்திருந்தார்கள். 2005-ம் ஆண்டு இந்தியத் தபால் இலாகா வெளியிட்ட நாய்த் தபால் தலைகளில் ராஜபாளையம் நாய்க்கும் இடம் உண்டு, கர்நாடகத்தின் முதோல் வேட்டை நாய்க்கும் இடம் உண்டு. பாகல்கோட்டை மாவட்ட விவசாயிகள் முதோல் நாயைச் சோளம், கோதுமை மாவு, பால் கொடுத்து வளர்த்தவர்கள். தென்பாண்டிச் சீமையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்கள் கூழும் சோறும் குடித்து வளர்ந்தன. அவை முயல் வேட்டைக்கும் ஓடின.

ஆனால் ஒன்றை மறந்துவிடக்கூடாது. அந்த நாய்கள் கூழை மட்டும் தின்று வாழவில்லை. வயல் எலி, முயல், வேட்டையில் கிடைத்த பங்கு, பட்டியில் செத்த ஆடு என்று வெளியிலும் தின்றன. லைன் வீட்டு வாசலில் சங்கிலியில் கட்டிக் கிடக்கும் நாய்க்கு அந்த வாய்ப்பு இல்லை. நாம் தட்டில் வைத்தது மட்டுமே அதற்கு உலகம். தட்டில் இல்லாத சத்து அதன் உடம்பிலும் இருக்காது.

200 சமையல் குறிப்பில் 9 தான் தேறியது

வீட்டுச் சமையல் என்றாலே நல்லது என்ற எண்ணத்துக்கும் ஒரு அடி விழுந்தது.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக் கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள், நாய்க்கு வீட்டில் சமைப்பதற்கான 200 சமையல் குறிப்புகளைச் சேகரித்துச் சோதித்தார்கள். புத்தகங்களிலும் மற்ற இடங்களிலும் அச்சான குறிப்புகள் அவை. அவற்றில் பல, கால்நடை மருத்துவர்களே எழுதியவை.

2013-ல் முடிவு வெளியானது. 200-ல் 95 சதவீதக் குறிப்புகளில் அவசியமான ஒரு சத்தாவது போதாமல் இருந்தது. எல்லாச் சத்தும் குறைந்தபட்ச அளவாவது இருந்தவை 9 குறிப்புகள் மட்டுமே.

படித்தவர்கள் எழுதிய குறிப்புக்கே இந்தக் கதி என்றால், மிச்சம் மீதியைக் கொட்டும் தட்டின் கதி என்ன? நாயின் வயிறு நிறைந்துவிடும். ஆனால் உடம்புக்குள் பஞ்சம் இருக்கும். அந்தப் பஞ்சம் வெளியே தெரிய மாதங்கள் ஆகும்.

குட்டியின் கால் வளைவது ஏன்?

அரசு கால்நடை மருத்துவமனைகளில் அடிக்கடி நடக்கும் உரையாடல் இது:

"குட்டிக்கு என்னம்மா சாப்பாடு போடறீங்க?"

"பால் சோறுதான் சார். சில நாள் வெறும் கறி வேக வச்சுப் போடுவோம். நல்லாத்தான் தின்னுது. ஆனா முன்னங்காலு ரெண்டும் வளையுது."

குறை எங்கே இருக்கிறது? சுண்ணாம்புச் சத்தில்.

எலும்பு வளர சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் வேண்டும். இரண்டும் ஏறக்குறையச் சம அளவில், அல்லது சுண்ணாம்புச் சத்து சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். எலும்பில்லாத கறியிலோ ஒரு பங்கு சுண்ணாம்புச் சத்துக்கு 15 பங்குக்கும் மேல் பாஸ்பரஸ் இருக்கிறது. கறி மட்டுமே போட்டால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைகிறது. உடம்பு அதை ஈடுகட்டத் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவி எடுக்கிறது. கடன் அடைக்கத் தாலியை விற்பது போன்ற காரியம் இது. எலும்பு மெலிகிறது, வளைகிறது, மாடிப்படியில் தாவினாலே முறிகிறது.

அரிசியும் இதற்கு உதவாது. 100 கிராம் அரிசியில் சுமார் 10 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்துதான் இருக்கிறது. பசும்பாலில் 120 மில்லி கிராம் உண்டு. ஆனால் வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். மோரும் தயிரும் பாலைவிடச் சுலபமாகச் செரிக்கும்.

இங்கேதான் நம் பக்கத்து ராகி கைகொடுக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அத்திபெலே சுற்று வட்டாரத்தில் கன்னடக்காரர் வீட்டில் முத்தே, தர்மபுரிக்காரர் வீட்டில் களி. இரண்டும் ஒன்றுதான். அதில் ஒரு உருண்டை நாய்க்கும் போவது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். அரிசிச் சோற்றைவிட அது மேல்.

ஆனால் ராகி ஒன்றே போதும் என்று இருந்துவிடக் கூடாது. ராகியில் உள்ள சுண்ணாம்பு முழுவதும் உடம்பில் சேர்வதில்லை. தானியத் தோலில் இருக்கும் ஒருவகை அமிலம் அதில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மலிவான வழி ஒன்று இருக்கிறது. அது குப்பையில் எறியும் முட்டை ஓடு. ஓடு ஏறக்குறைய முழுவதும் சுண்ணாம்புதான். ஓட்டைக் கழுவி, 10 நிமிடம் கொதிக்க வைத்து, வெயிலில் காயவைத்து, மிக்சியில் பவுடராக அரைத்து டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். மாவு போல நைசாக இருக்க வேண்டும். ஒரு டீஸ்பூன் பவுடரில் ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாள் ஒன்றுக்கு ஒரு டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

குட்டிக்கு அளவு வேறு. பெரிய ஜாதிக் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து அதிகமானாலும் எலும்பு கெடும். ஆகவே குட்டி விஷயத்தில் டாக்டரைக் கேட்காமல் எந்தப் பவுடரும் போடக்கூடாது. ஒரு வயது முடியும் வரை குட்டிக்கு மட்டும் பாக்கெட் தீனியையே முக்கிய உணவாக வைத்துக்கொள்வது பயம் இல்லாத வழி.

மாநகராட்சி போட்ட சமையல் பட்டியல்

நாய்க்குச் சமைப்பது 2025-ல் பெங்களூரில் அரசியல் சர்ச்சையாகவே ஆயிற்று. அந்த ஆண்டு ஜூலை மாதம், அப்போது இருந்த பி.பி.எம்.பி. மாநகராட்சி, சுமார் 5 ஆயிரம் தெரு நாய்களுக்குத் தினம் சமைத்த உணவு போட டெண்டர் விட்டது. மதிப்பீடு 2 கோடியே 88 லட்சம் ரூபாய். "மனிதனுக்கே கறி கிடைக்காதபோது நாய்க்குச் சிக்கன் ரைஸா?" என்று ஒரு சாரார் கேட்டார்கள். "பசித்த நாய்தான் கடிக்கும், பழகிய நாயைத்தான் பிடித்துத் தடுப்பூசி போட முடியும்" என்று மறு சாரார் சொன்னார்கள்.

அத்திபெலே அந்த மாநகராட்சியின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஆனாலும் அந்தப் பட்டியல் நாய் வளர்க்கும் யாருக்கும் உபயோகப்படும். ஒரு நாய்க்கு ஒரு நாள் அளவு: கோழிக் கறி 150 கிராம், அரிசி 100 கிராம், காய்கறி 100 கிராம், எண்ணெய் 10 கிராம். மொத்தம் 750 கலோரி. கணக்குப் போட்டால், 12, 13 கிலோ எடையுள்ள, ஓடியாடும் நாய்க்கு இது சரியான அளவு.

பின்னர் 22.8.2025 அன்று சுப்ரீம் கோர்ட்டு ஒரு உத்தரவு பிறப்பித்தது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த தெரு நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிபிடித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது, கண்ட தெருவில் உணவு போடக்கூடாது, அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் போட வேண்டும் என்று அந்த உத்தரவு கூறியது. 7.11.2025 அன்று பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து தெரு நாய்களை அப்புறப்படுத்தவும் உத்தரவிட்டது. வீட்டு நாய்க்குச் சமைத்ததில் மிஞ்சியதைத் தெருவில் கொட்டும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அக்கம்பக்கத்தாரோடு சண்டை வருவதும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வதும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு நாள் சமையல்

10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு எவ்வளவு வேண்டும்? கட்டியே கிடக்கும் நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி. ஓடியாடும் நாய்க்கு 600-க்குச் சற்று மேல். இதற்கு வீட்டுக் கணக்கு இப்படி:

அரிசி 80 கிராம். அதாவது அரை ஆழாக்குக்குச் சற்று மேல். ரேஷன் அரிசியே போதும். பாதி அரிசியைக் குறைத்து அதற்குப் பதில் ராகி மாவு சேர்க்கலாம்.

எலும்பு நீக்கிய கோழிக் கறி 125 கிராம். நெஞ்சுக் கறிதான் வேண்டும் என்பதில்லை. கோழிக் கடையில் மலிவாகக் கிடைக்கும் இதயம், கல்லீரல், மாங்காய் என்று சொல்லும் இரைப்பை ஆகியவற்றைக் கலந்து வாங்கலாம். ஆனால் ஈரல் ஒரு சிறு துண்டுக்கு மேல் தினமும் வேண்டாம். அதில் வைட்டமின் 'ஏ' மிக அதிகம். அளவுக்கு மிஞ்சினால் அதுவும் எலும்பைக் கெடுக்கும்.

முட்டை ஒன்று, வேகவைத்தது. பச்சை முட்டையின் வெள்ளைக் கரு 'பயோட்டின்' என்ற வைட்டமினை உடம்பில் சேர விடாது.

பூசணி, கேரட், பீன்ஸ், இவற்றில் ஏதாவது ஒன்று, ஒரு கைப்பிடி. எண்ணெய் ஒரு டீஸ்பூன். அயோடின் உப்பு ஒரு சிட்டிகை. முட்டை ஓட்டுப் பவுடர் மூன்றில் ஒரு டீஸ்பூன்.

கறியையும் காயையும் குழைய வேகவைத்து, அந்தத் தண்ணீரிலேயே சோற்றையோ களியையோ பிசைந்து, ஆறவிட்டு, இரண்டு வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். முட்டை ஓட்டுப் பவுடரைக் கடைசியில் கலந்தால் போதும்.

இதிலும் துத்தநாகம், வைட்டமின் 'டி', வைட்டமின் 'இ' ஆகியவை போதாமல் போகும். டேவிஸ் ஆராய்ச்சியில் பல குறிப்புகள் தோற்றதும் இவற்றில்தான். இதற்கு நாய்களுக்கென்று விற்கும் தாது உப்பு, வைட்டமின் கலவையை டாக்டர் சொல்லும் அளவில் சேர்க்க வேண்டும். மாட்டுக்கு வாங்கிய தாது உப்பையோ, மனிதர் மாத்திரையையோ உத்தேசமாகப் போடக்கூடாது.

கோழி வாங்க முடியாத நாட்களில் முட்டையைக் கூட்டிக்கொள்ளலாம். குழைய வேகவைத்த பருப்பும் ஓரளவு ஈடு செய்யும். நாய் சைவ உணவில் தாக்குப் பிடிக்கும்; ஆனால் கணக்கு இன்னும் கடினம்.

அளவு சரியா என்று பார்க்கத் தராசு தேவையில்லை. நாயின் விலாவில் கையை வைத்துத் தடவினால், விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். ஆனால் கண்ணுக்குத் துருத்தித் தெரியக்கூடாது. தட்டுப்படவே இல்லை என்றால் சோற்றைக் குறைக்க வேண்டும்.

பாக்கெட் தீனியிலிருந்து வீட்டுச் சாப்பாட்டுக்கு மாற்றுவதை ஒரே நாளில் செய்யக்கூடாது. முதல் இரண்டு நாள் கால் பங்கு, அடுத்து அரைப் பங்கு, பிறகு முக்கால் பங்கு என்று ஒரு வாரத்தில் மாற்றினால் வயிறு கெடாது.

நம் குழம்பு நாய்க்கு விஷம்

நமக்கு மருந்தாகும் சாமான்கள் சில நாய்க்கு விஷமாகும்.

முதலில் வெங்காயம், பூண்டு. இவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சமைத்தாலும் அந்தக் குணம் போகாது. 10 கிலோ நாய்க்கு 150 கிராம் வெங்காயமே தீங்கு செய்யும். அதாவது இரண்டு நடுத்தர வெங்காயம். பூனைக்கு அதைவிட மிகக் குறைந்த அளவே போதும். வெங்காயம் போடாத குழம்பு நம் வீட்டில் ஏது? ஆகவே குழம்பு ஊற்றிய சோறு நாய்க்கு ஆகாது. தாளிப்பதற்கு முன்பே அதன் பங்கை எடுத்து வைத்துவிட வேண்டும்.

அடுத்தது திராட்சை, உலர்ந்த திராட்சை. இவற்றைத் தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் கெடுவது ஏன் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 2021-ல் அமெரிக்க விஷ முறிவு நிலைய மருத்துவர்கள், அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று எடுத்துக்காட்டினார்கள். அதே அமிலம் ஏராளமாக உள்ள இன்னொரு பொருள் எது தெரியுமா? நம் புளி! புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது பின்னர் பதிவாகியிருக்கிறது. புளிசாதமும் ரசமும் நாய்த் தட்டுக்குப் போகக்கூடாது.

சாக்லேட், காப்பி, டீ, சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு ஆகியவையும் விஷமே.

வேகவைத்த கோழி எலும்பு எல்லோரும் செய்யும் தவறு. வெந்த எலும்பு ஈட்டி போலப் பிளந்து குடலைக் குத்தும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பு, திங்கட்கிழமை ஆஸ்பத்திரிச் செலவு.

பச்சைக் கழிவு வேண்டாம்

கறிக் கடையில் ஆட்டு நுரையீரலும் ஈரலும் சில சமயம் இலவசமாகவே கிடைக்கும். அதைப் பச்சையாக நாய்க்குப் போடுவதில் பெரிய ஆபத்து இருக்கிறது. நாய்க்கு மட்டும் அல்ல, வீட்டாருக்கும்.

ஆடு மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த கட்டிகள் சிலவற்றில் இருக்கும். அது ஒருவகை நாடாப் புழுவின் இளம் பருவம். நாய் அதைப் பச்சையாகத் தின்றால் அதன் குடலில் மிகச் சிறிய நாடாப் புழுக்கள் வளரும். நாய்க்கு ஒன்றும் தெரியாது, ஓடியாடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அதன் மலத்தில் புழுவின் முட்டைகள் வெளியேறும். நாயைத் தடவிய கையைக் கழுவாமல் குழந்தை வாயில் வைத்தால், அந்த முட்டை குழந்தையின் வயிற்றுக்குள் போய், ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டியாக வளரும். ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். பல சமயம் ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும்.

தடுக்கும் வழி எளிது. கட்டி உள்ள உறுப்பை வாங்கவே கூடாது. மற்றதை உள்வரை நன்றாகக் கொதிக்க வைத்துப் போட வேண்டும். டாக்டர் சொல்லும் தவணையில் நாய்க்குப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். நாயைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

பூனை நாய் அல்ல

பூனைக்குத் தயிர் சாதம் போடும் வீடுகள் அநேகம். பூனையும் பசிக்குத் தின்றுவிடும். ஆனால் பூனை உண்மையான மாமிசப் பிராணி. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு போதிய அளவு தானே செய்துகொள்ளாது. கறியிலும் மீனிலும்தான் அது கிடைக்கும்.

டாரின் இல்லாவிட்டால் பூனையின் விழித்திரை கெட்டுக் கண் பார்வை போகும் என்பது 1975-ல் தெரியவந்தது. இதயம் வீங்கிச் செயலிழக்கும் நோய்க்கும் இதுவே காரணம் என்று 1987-ல் டேவிஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகே பூனைத் தீனிக் கம்பெனிகள் டாரின் அளவை உயர்த்தின.

ஆகவே பூனைத் தட்டில் பெரும் பகுதி கறியோ மீனோ இருக்க வேண்டும். வேகவைத்த தண்ணீரில் டாரின் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் சேர்த்தே கொடுக்க வேண்டும். அப்படியும் வீட்டுச் சமையலில் பூனைக்குக் கணக்குச் சரியாக வருவது கடினம். பாதி பாக்கெட் தீனி, பாதி வீட்டுக் கறி என்று வைத்துக்கொள்வதே நல்லது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனால்?

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் லைன் வீடுகள் காலியாகின்றன. நாயை என்ன செய்வது? பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துப் போகிறவர்கள், எதைப் போட வேண்டும், எதைப் போடக்கூடாது என்று ஒரு சீட்டில் எழிதாகப் புரியும்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் அன்பு மிகுந்து பண்டிகைப் பலகாரம் எல்லாம் நாய்த் தட்டுக்குப் போய்விடும்.

ரெயிலில் கொண்டுபோவதென்றால், பார்சல் ஆபீசில் பதிவு செய்து, பிரேக் வேனில் உள்ள நாய்ப் பெட்டியில் ஏற்றலாம். வழியில் தண்ணீரும் உணவும் கொடுப்பது நாயின் சொந்தக்காரர் பொறுப்பு. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு வயிறு நிறையப் போடாமல், இலேசாகக் கொடுத்து ஏற்றுவது நல்லது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால்

வீட்டுச் சாப்பாடு நாய்க்கு ஆகாது என்பது வியாபாரப் பேச்சு. வீட்டில் மிஞ்சியது எல்லாம் நாய்க்கு ஆகும் என்பது சோம்பல் பேச்சு. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

பணம் இருக்கும் மாதத்தில் கோழி, இல்லாத மாதத்தில் முட்டை. அரிசியோ ராகியோ, எதுவானாலும் குழைய வேகவைத்தது. வெங்காயம், புளி, வெந்த எலும்பு கிடையாது. பச்சைக் கழிவு கிடையவே கிடையாது. முட்டை ஓட்டுப் பவுடர் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை டாக்டரிடம் காட்டி, இதுதான் போடுகிறோம் என்று சொல்லி, குறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றே வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும். எவ்வளவு நல்ல சாப்பாடு போட்டாலும் அந்த ஊசிக்கு அது ஈடாகாது.

இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர் வீட்டுக் கதவைத் தட்டும் முன்பே வாலை ஆட்டி எழுந்து நிற்கும் பிராணிக்கு, ஒரு நாளைக்கு அரை ஆழாக்கு அரிசியும் ஒரு முட்டையும் ஒரு கைப்பிடிக் கறியும் பெரிய செலவு அல்ல. சமையலில் கொஞ்சம் கவனம் வைத்தால் போதும்.